கேஸ் கீசர்: தலை சுற்றினால், சுடர் மஞ்சளானால், கண்ணாடி வியர்த்தால்

இதைப் படிக்கும் இந்த நிமிஷம் உங்கள் வீட்டில் குளித்துவிட்டு வந்த யாருக்காவது தலை சுற்றுகிறதா, குமட்டுகிறதா? மற்றதை அப்புறம் படிக்கலாம். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வீட்டிலிருக்கும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய்விடுங்கள். 108-க்குக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் வருபவரிடமும் டாக்டரிடமும் "வீட்டில் கேஸ் கீசர் ஓடியது, கார்பன் மோனாக்சைடு விஷவாயுவாக இருக்கலாம்" என்பதை முதலில் சொல்லுங்கள். ஒருவர் பாத்ரூமுக்குள்ளேயே விழுந்து கிடந்தால், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போய் முதலில் ஆளை வெளியே இழுங்கள். கீசரை நிறுத்துவது அதற்குப் பிறகு.

நான் சென்னையில் பதினெட்டு வருஷமாகக் கேஸ் கீசரும் அடுப்பும் மாட்டுகிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். நங்கநல்லூரில் பெரியம்மா வீட்டுக்குக் கீசர் மாட்டியதும் நான்தான். பாத்ரூமுக்குள் வைக்கவில்லை. வெளியே, திறந்த சர்வீஸ் பால்கனியில் வைத்தேன். நாலு வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் புறாத் தொல்லையும் மழைச்சாரலும் தாங்காமல் பால்கனி முழுக்கக் கண்ணாடி ஸ்லைடிங் போட்டார்கள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றவுமில்லை.

அந்தத் தீபாவளிக்கு விடியற்காலை நாலரை மணியிலிருந்து ஏழு பேர் வரிசையாக எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். வெளியே தூறல், கண்ணாடி மூடியிருந்தது. பாத்ரூம் வென்டிலேட்டர் அந்தப் பால்கனியைப் பார்த்துத்தான் திறந்திருக்கும். முதல் நாலு பேருக்கு ஒன்றுமில்லை. ஐந்தாவதாகக் குளித்த பையன் தலை வலிக்கிறது என்றான். கடைசியாகக் குளித்த பெரியம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வெறும் வயிறு, எண்ணெய்க் குளியல் அசதி" என்றார்கள். நான் லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பால்கனியைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. பெரியம்மா அன்று பிழைத்தார், ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள்.

அந்தக் கீசரைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. அதனால்தான், எந்த அறிகுறியோடு என்னைக் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கீசர் மாட்டிய பிறகு வீட்டில் என்ன மாற்றினீர்கள்? கண்ணாடியா, கொசுவலையா, எக்ஸாஸ்ட் ஃபேனா, சமையலறைச் சிம்னியா, ஏசிக்காக அடைத்த வென்டிலேட்டரா? நெருப்புக்குக் காற்று வர ஒரு வழி வேண்டும், புகை போக இன்னொரு வழி வேண்டும். இரண்டில் ஒன்றை யாரோ, நல்ல எண்ணத்தில்தான், அடைத்திருப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணீர் தரும் கீசர், அடுப்பின் பெரிய பர்னர்கள் ஐந்தாறு ஒன்றாக எரிவதற்குச் சமம். ஒரு மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தால் சுமார் ஒரு கிலோ கேஸ் போகும். அந்த ஒரு கிலோ முழுசாக எரிய 12, 13 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஆறடியில், எட்டடி உயரமுள்ள பாத்ரூமில் மொத்தமே 7 கன மீட்டர் காற்றுகூட இல்லை. அந்த அறைக்குள் கீசரை வைத்துக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 18, 17 என்று இறங்கும்போதே சுடர் தடுமாறி, கார்பன் மோனாக்சைடை வேகமாகக் கக்க ஆரம்பிக்கும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணும் எரியாது. புகைக் குழாய் இல்லாத கீசர் உங்கள் பாத்ரூமுக்குள் இருந்தால் கீழே உள்ள எந்த அறிகுறியும் தேவையில்லை. இன்றே அதை நிறுத்தி, வெளியே மாற்ற ஆள் கூப்பிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிக்கலாமே என்று கேட்பார்கள். மார்கழியில், கொசு மொய்க்கும் நேரத்தில், வீட்டுக்கு வந்த விருந்தாளி அந்த ஜன்னலைத் திறப்பார் என்று என்னால் நம்ப முடியாது.

குளித்த பிறகு தலைவலி, கிறுகிறுப்பு, கால் தள்ளாட்டம்

காய்ச்சல் இல்லாமல் தலைவலி, குமட்டல், கைகால் துவளுதல், குழப்பம். வீட்டில் ஒருவருக்கு மேல் இருக்கிறதா, வெளியே போய் வந்தால் சரியாகிறதா, குளித்த நாளில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும் கீசரைத் தொடாதீர்கள். பித்தம், பிரஷர், வெறும் வயிறு என்று நம் ஊரில் இதற்குக் காரணங்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் இதய நோயாளிக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. மயங்கியவர் விரலில் அதை மாட்டி, 98 காட்டுகிறது, பயமில்லை என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். அந்தக் கருவிக்கு ரத்தத்தில் ஏறியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது, இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். வெறும் காற்றில் இருந்தால் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். வீட்டிலேயே படுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது இதற்காகத்தான். ரத்தப் பரிசோதனையில் மட்டுமே உண்மை தெரியும்.

சுடர் மஞ்சளாக எரிகிறது

கீசரின் முன்பக்கத்தில் சின்னக் கண்ணாடித் துளை இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு அதன் வழியே பாருங்கள். நீலமாக, விளிம்பு கூர்மையாக, ஆடாமல் எரிய வேண்டும். அங்கங்கே ஆரஞ்சுப் பொறி மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் தூசி. திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர் போலக் கடலோரத்தில் உப்புக் காற்றாலும் வரும். அதற்காகப் பயப்பட வேண்டாம். சுடரே நீண்டு, சோம்பலாக, மஞ்சள் நாக்கு நீட்டிக்கொண்டு எரிந்தால்தான் கவலை.

காற்றுக் குறைவா, பர்னர் கோளாறா என்று பிரிக்க ஒரு சோதனை. கீசர் இருக்கும் இடத்தின் கதவு, ஜன்னல், கண்ணாடி எல்லாவற்றையும் அகலத் திறந்து பத்து நிமிஷம் விடுங்கள். பிறகு பற்றவைத்துப் பாருங்கள். நீலமாகிவிட்டால் மெஷினில் குறை இல்லை, இடத்துக்குக் காற்று போதவில்லை. திறந்தும் மஞ்சளாகவே இருந்தால் பர்னர் பக்கம் போக வேண்டும்.

பர்னரில் நான் அதிகம் பார்ப்பது சிலந்தி வலை. காற்றும் கேஸும் கலக்கும் குழாய்க்குள் கட்டிவிடும். கோடை முழுக்கக் கீசரைப் போடாமல் ஐப்பசியில் திடீரென்று போடும் வீடுகளில் இது சாதாரணம். அப்புறம் பர்னருக்கு மேலே உள்ள செம்புத் தகடுகளுக்கு நடுவே கரி அடைந்திருக்கும். கரி அடைந்தால் புகை மேலே போகாது, புகை போகாவிட்டால் இன்னும் கரி பிடிக்கும். இது தானாகச் சரியாகாது. மெக்கானிக் கழற்றிப் பிரஷ் போட வேண்டும்.

மூன்றாவது காரணம் இப்போது கூடி வருகிறது. பர்னருக்குக் கேஸைப் பீய்ச்சும் சின்ன முனைதான் ஜெட். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயுவுக்கான ஜெட்டின் துளை பெரிது, சிலிண்டர் கேஸுக்கானது சிறிது. மும்பையிலோ டில்லியிலோ குழாய் கேஸில் ஓடிய கீசரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே சிலிண்டரில் மாட்டினால், தேவைக்கு மேல் கேஸ் பாய்ந்து மஞ்சளாக எரிந்து கரியைக் கக்கும். சிலிண்டரிலிருந்து குழாய் கேஸுக்கு மாறும் சென்னை வீடுகளில் இதற்கு நேர்மாறு: சுடர் சோர்ந்து போகும், தண்ணீர் சூடேறாது. இரண்டுக்கும் ஜெட்டை மாற்ற வேண்டும். வீட்டு ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு ஹோட்டல்காரர்கள் வைக்கும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டும் வேலையும் நடக்கிறது. அது கூடவே கூடாது.

கண்ணாடி வியர்க்கிறது, சுவரில் கரி படிகிறது

ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ தண்ணீர் ஆவியாகப் பிறக்கும். புகை சரியாக வெளியேறினால் அதுவும் கூடவே போய்விடும். கீசர் வைத்த பால்கனியின் கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோத்தால், புகை அங்கேயே சுற்றுகிறது என்று அர்த்தம். சென்னை ஈரக் காற்றில் இது குழப்பும். அதனால் ஷவரில் விடாமல் தூரத்தில் உள்ள குழாயில் வெந்நீரைப் பக்கெட்டுக்கு விட்டுப் பாருங்கள். அப்போதும் வியர்த்தால் சந்தேகமே வேண்டாம். கீசருக்கு மேலே சுவரிலோ கூரையிலோ கறுப்பு நிழல் விழுந்திருந்தால், அது பல நாளாக நடக்கிறது. பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள்.

இதற்கு மருந்து துளை. கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டும் வெளிக்காற்றைப் பார்த்து. ஒரே துளை வைத்தால் வருவதும் போவதும் அதிலேயே முட்டிக்கொள்ளும். அமெரிக்க விதிப்படி, மூடிய இடத்துக்குக் காற்றை வீட்டின் மற்ற அறைகளிலிருந்து எடுத்தால் மேலும் கீழுமாக இரண்டு துளை வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 100 சதுர அங்குலம். வெளியிலிருந்து நேராக எடுத்தால் இதைவிடச் சின்னதே போதும். ஆனால் நான் வெளிச்சுவரிலும் ஓரடிக்கு அரையடிக்குக் குறைத்து வைப்பதில்லை, ஏனென்றால் நாளைக்கு யாராவது அதில் கொசுவலை அடிப்பார்கள். சாய்ந்த பட்டைகள் கொண்ட தகட்டு லூவர் போட்டாலே காற்று வழி முக்கால்வாசியாகக் குறைந்துவிடும். வலையில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறினால் மிச்சமும் போகும். வலை வேண்டும் என்றால் துளையை இரண்டு மடங்காக்குங்கள், மாதம் ஒரு முறை கழுவுங்கள். கீழ்த்துளைக்கு இன்னொரு பலனும் உண்டு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு வந்து அந்த வழியாக வெளியேறும்.

பெரியம்மா வீட்டில் கண்ணாடியை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, புறாத் தொல்லையும் நிஜம்தான். ஸ்லைடிங்கின் மேல் வரிசைக் கண்ணாடி இரண்டைக் கழற்றிவிட்டு நிரந்தர லூவர் வைத்தேன், கீழே சுவரை உடைத்து ஒரு துளை போட்டேன். பாத்ரூம் வென்டிலேட்டரை அந்தப் பக்கம் அடைத்து வேறு பக்கம் திறந்தேன். கீசருக்குப் புகைக் குழாயும் போட்டு வெளியே தள்ளினேன்.

புகைக் குழாய் இருக்கிறது, ஆனாலும் புகை உள்ளே வருகிறது

மேலே புகை வாங்கும் வாயும் குழாயும் உள்ள கீசர்களுக்கு ஊதுபத்திச் சோதனை போதும். வீட்டின் எல்லாக் கதவு ஜன்னலையும் மூடுங்கள். பாத்ரூம் எக்ஸாஸ்ட், சமையலறைச் சிம்னி எல்லாவற்றையும் முழு வேகத்தில் போடுங்கள். கீசரை ஐந்து நிமிஷம் எரியவிட்டு, ஊதுபத்தியைப் புகை வாங்கும் வாயின் விளிம்பருகே பிடியுங்கள். புகையை உள்ளே இழுத்தால் நல்லது. உங்கள் முகத்தை நோக்கித் தள்ளினால் உடனே கீசரை அணைத்துவிடுங்கள். கேஸ் வாசனை துளியும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் இந்தச் சோதனை.

சிம்னியையும் எக்ஸாஸ்டையும் நிறுத்தியதும் புகை சரியாகப் போகிறதென்றால் குற்றவாளி அவைதான். ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது வீடு எங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும், எல்லாம் மூடியிருந்தால் புகைக் குழாய் வழியாகவே இழுக்கும். புகை நன்றாகப் போகட்டும் என்று கீசருக்குப் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். அந்த ஃபேனை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், இல்லை தாராளமாகக் காற்று வர வழி வையுங்கள்.

ஃபேனை நிறுத்தியும் சரியாகவில்லை என்றால் குழாயைப் பாருங்கள். கூடு முதலில். புறாவும் குளவியும் கோடையில் சும்மா கிடக்கும் குழாயை விடாது. அப்புறம் சாய்வு. வெப்பத்தால் தானே மேலேறும் வகைக்குக் கீசரிலிருந்து கொஞ்ச தூரம் நேர்க்குத்தாக எழும்பி, பிறகு வெளியே போகும் திசையில் மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது ஏற வேண்டும். சுவரை ஒட்டி நீளமாகப் படுக்கவைத்து, ஜன்னல் சட்டத்தைத் தாண்டக் கீழே வளைத்திருந்தால் புகை போகாது. உள்ளேயே ஃபேன் வைத்துப் புகையைத் தள்ளும் வகைக்கு மட்டும் குழாய் வெளிப்பக்கம் லேசாகச் சரிய வேண்டும், மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டிருப்பதை நிறையப் பார்க்கிறேன். நெளியும் அலுமினியக் குழாய் நசுங்கியிருக்கிறதா, கடற்காற்றில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

குழாய் எங்கே போய் முடிகிறது என்பதில்தான் நம் அடுக்குமாடிகளில் பெரிய ஆபத்து. பாத்ரூம்களுக்கு நடுவே உள்ள ஷாஃப்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த ஷாஃப்டைப் பார்த்துத்தான் மேல்வீடுகளின் வென்டிலேட்டர் எல்லாம் திறந்திருக்கும். மாடியில் மழைக்காக ஷீட் போட்டு மூடியிருந்தால் புகைக்கு வேறு போக்கிடமே இல்லை. உங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, மூன்றாவது மாடியில் குளிக்கும் குழந்தைக்கு ஆகும். ஷாஃப்டில் விடாதீர்கள். யாராவது விட்டிருந்தால் அசோசியேஷன் கூட்டம் வரை காத்திருக்காமல் கதவைத் தட்டிச் சொல்லுங்கள்.

மழை, காற்று நாளில் மட்டும் தொந்தரவு

வடகிழக்குப் பருவமழையில் புகைக் குழாயின் வெளிமுனைமேல் காற்று நேராக அறைந்தால் புகை திரும்பும், சுடர் படபடக்கும், சில சமயம் அணையும். முனையில் தொப்பி இல்லையென்றால் போடுங்கள். சுவர் மூலையிலோ சன்ஷேடுக்கு அடியிலோ முனை இருந்தால் இடம் மாற்றுங்கள். புயல் எச்சரிக்கை நாளில் கேஸ் கீசரே வேண்டாம், அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம். கரண்ட் போன நேரத்தில் பால்கனியில் ஜெனரேட்டர் ஓட்டுவதும், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு மூடிய அறையில் கரி நெருப்பில் சாம்பிராணி போடுவதும் இதே வாயுவைத்தான் தரும்.

பற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் அணைகிறது

சாதாரணக் காரணங்கள்: பேட்டரி தீர்ந்தது, மேல் மாடியில் தொட்டி அருகிலேயே இருப்பதால் தண்ணீர் அழுத்தம் போதவில்லை, வடிகட்டி வலையில் மணல். பல மாடல்கள் 20 நிமிஷத்தில் தானாக நிற்கும், அது கோளாறே அல்ல.

இவை எதுவும் இல்லாமல், அறை மூடியிருக்கும்போது மட்டும் அணைந்து, ஜன்னலைத் திறந்தால் எரிகிறதென்றால், ஆக்சிஜன் குறைவதை அறியும் சென்சாரோ புகை திரும்புவதை அறியும் சென்சாரோ உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. "சென்சார் தொல்லை சார், டைரக்ட் பண்ணிடலாம்" என்று ஒருவர் ஒயரை முறுக்க வந்தால் அவரைத் திருப்பி அனுப்புங்கள். தொழிலில் இருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த ஒயரை முறுக்குகிறவர் மெக்கானிக் இல்லை.

'டப்' என்று வெடித்துப் பற்றுகிறது

கேஸ் முதலில் வந்து, பொறி தாமதமாக வருகிறது. பேட்டரியை மாற்றுங்கள். மாற்றியும் கேட்டால் பற்றவைக்கும் முனையில் துருவோ பர்னரில் அடைப்போ இருக்கும். சுத்தம் செய்யும் வரை போடாதீர்கள்.

கேஸ் வாசனை

இது வேறு ஆபத்து, எரியாத கேஸ். ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு உதவி எண் 1906-க்கு அழையுங்கள். ரப்பர் டியூப்பை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வாசனை வராததால் எல்லாம் பத்திரம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு அப்படித் தெரியாது.

அலாரம் மாட்டியிருக்கிறோம், அது கத்தவே இல்லை

முதலில் அது எந்த அலாரம் என்று பாருங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது கேஸ் கசிவு அலாரம், தரையோடு மாட்டுவது. கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி. அது தலை உயரத்தில், பாத்ரூமுக்கு வெளியே, நீராவி படாத இடத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கத் தரப்படி செய்தவை காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு இருந்தால் ஒரு மணி முதல் நாலு மணி நேரம் கழித்துத்தான் கத்தும். 400 பங்கு இருந்தால் நாலு முதல் பதினைந்து நிமிஷத்துக்குள். அதனால் அது கத்தாமலே தலைவலி வரலாம். உடம்பு சொல்வதை முதலில் கேளுங்கள். சென்சாருக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கத்தில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். அலாரம் இருக்கிறது என்பதற்காகப் புகை வழியை அடைத்து வைக்க முடியாது.

சரி செய்தாகிவிட்டது, எப்படித் தெரிந்துகொள்வது

ஒரு பக்கெட் தண்ணீர் விட்டுப் பார்த்து, சுடர் நீலம் என்று சொல்லிவிட்டுப் போகும் மெக்கானிக்கை விடாதீர்கள். மோசமான நாள் எப்படி இருக்குமோ அப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி, கதவு எல்லாம் மூடி, ஃபேன் எல்லாம் ஓட, ஏழு பேர் குளிக்கும் அளவுக்குத் தண்ணீரை விட்டு விட்டுத் திறக்க வேண்டும். உள்ளே யாரும் குளிக்காமல், ஒருவர் மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். கடைசிப் பக்கெட்டிலும் சுடர் நீலமாக எரிகிறதா, ஊதுபத்திப் புகை குழாய்க்குள் போகிறதா என்று பாருங்கள். நிறைய வீடுகளில் கடைசியாகக் குளிப்பது அம்மாதான். அவருடைய முறை வரும்போது அந்தக் காற்று எப்படி இருக்கும் என்பதைத்தான் இந்தச் சோதனையில் பார்க்கிறோம். பாத்ரூம் தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து திறக்கும் வகையாக மாற்றிவிடுங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, பலகாரத்துக்கு மாவு அரைக்கும் நாளிலேயே, இந்த வேலையையும் முடித்துவிடுங்கள்.